ரோசாக் ஆன இன்-இயர்

லூனாஸிலிருந்து கூலிம் போகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் குரல் டிரைவர் வரை எட்டியது. மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். பக்கத்தில் கீபோர்டு வாசிக்கும் பெண். பாடும்போது தன் குரலும் குழுவின் குரலும் கேட்கக் காதுக்குள் மாட்டும் இன்-இயர் இயர்போனை அவர் முதன்முதலாக வாங்கி, இப்போது கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறாராம்.

"காது வலிக்குதாண்ணே?"

"இல்லம்மா. மூணு சைஸ் ரப்பர் குடுத்தான். நடு சைஸ் போட்டா மாட்டினதே தெரியல. சவுண்டுதான் ரோசாக், கெட்டுப்போச்சு."

"இரையுதா?"

"நீங்கல்லாம் பாடுறது சுத்தமா கேக்குது. என் குரல் மட்டும் சுதி விலகிக் கேக்குது."

"அது ரோசாக் இல்லண்ணே. ஆறு வருஷமா நாங்க காதுல ஒன்னும் மாட்டாமலே அப்படித்தான் கேக்குறோம்."

"பின்ன ஏன்மா ஒருத்தரும் சொல்லல?"

"பூசை முடிஞ்சதும் கோயிலுக்குள்ளயே நின்னு 'எப்படிப் பாடினேன்'னு கேப்பீங்க. அங்க பொய் சொல்லக்கூடாதுன்னுதான் பேசாம இருந்தோம்லா."