இரண்டாவது ரவுண்டில் யாருக்கு?

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் நான் காலை ரயில் ஏறியதும் முன் சீட்டுப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "முதல் ரவுண்டு வரைக்கும்தான் நான் அவரோட ஆளு."

தமிழில் பேசினால் இந்த ரயிலில் யாருக்கும் புரியாது என்று அவர்கள் நினைத்தது என் தப்பில்லை. அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுக்கு, போட்டியில் இருக்கும் ஒருவர் சார்பில் ஓட்டுப் போடும் டெலிகேட்டாக அவள் போகிறாளாம்.

"யாருக்கும் மெஜாரிட்டி வரலைன்னா மறுபடி ஓட்டு. அப்போ நான் யாருக்கு வேணும்னாலும் போடலாம். இப்பவே போன் பண்ணி ஆள் பிடிக்கிறாங்க."

"அவருக்காக உனக்கு ஓட்டுப் போட்டவங்க?"

"அதை நெனச்சுத்தான் தூக்கம் வரலை."

"நம்ம தமிழ்ச் சங்கத்துல இந்தத் தொல்லையே இல்லை. யார் பிரசிடென்ட்னு முன்னாடியே யாராவது வீட்டு பேஸ்மென்ட்ல பிரியாணி சாப்பிட்டுக்கிட்டே முடிவு பண்ணிடுவாங்க. மீட்டிங்ல நாம கை தட்டினா போதும்."

"இங்கயும் பேஸ்மென்ட்தான்டி, கொஞ்சம் பெருசு. சரி, நீயா இருந்தா யாருக்குப் போடுவே?"

தோழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எடிசன் ஸ்டேஷன் வந்து போனது.

"பதினாலு வருஷமா கிரீன் கார்டுக்குக் காத்திருக்கேன், எனக்கு இங்க ஓட்டே கிடையாது. இந்த ஊர்ல யாரும் என்னை இப்படிக் கேட்டதே இல்லை. கொஞ்சம் டைம் குடு, யோசிச்சுச் சொல்றேன்."