இருளில் போட்ட தாளம்

அரங்கிற்கு அழகூட்டும் அவைத்தலைவர் நவரத்தினம் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே, வெள்ளவத்தையின் அன்னையரே, கொழும்பின் மறுகோடிக் கொட்டாஞ்சேனையிலிருந்து மத்தளத்தோடு வந்து திரைக்குப் பின்னே காத்திருக்கும் கலைச்செல்வங்களே, கடற்காற்றாய் உட்புகுந்து நம்மை வருடும் இனிய மாலையே! அனைவருக்கும் என் வணக்கம்.

சற்று முன் மின்விளக்குகள் அணைந்தனவே, அந்த இருளை நினைத்துப் பாருங்கள். விசிறிகள் ஓய்ந்தன. தண்டவாளத்துக்கு அப்பால் அலை புரளும் ஓசை அவைக்குள் வந்து அமர்ந்தது. அப்போது திரைக்குப் பின்னிருந்து ஒரு குரல் எழுந்தது. பாய் விரிவதுபோல் விரிந்தது. இந்த மண்டபமே ஒரு தோணியாகி, மிதந்து, மயங்கி, மறுகரை தேடிப் போனது! என் அருகே மெல்லியதோர் ஓசை. என்ன ஓசை? முன்வரிசைக் கைகள் தொடையில் தாளம் போட்ட ஓசை!

"ஆர் பிள்ளை பாடுறது? ஆரிட்டப் படிச்சனீர்?" என்று முன்வரிசையிலிருந்து இசையாசிரியை கனகேஸ்வரி அம்மையார் உருகிக் கேட்டார்.

"கொட்டாஞ்சேனை புளோறன்ஸ், அன்ரி. எங்கட கூத்துப் பாட்டு."

விளக்கு வந்தது. கைகள் நின்றன!

சிரிக்கிறீர்கள். ஏன் நின்றன? சுருதி விலகியதா? குரல் குன்றியதா? இல்லையே! ஊர் தெரிந்தது, கூத்து என்ற சொல் காதில் விழுந்தது. இருளில் உயர்ந்து நின்ற பாட்டு ஒளியில் தாழ்ந்துபோனது!

"கச்சேரியும் கூத்தும் ஒண்டோ ஐயா?" என்கிறது ஒரு குரல். ஒன்றல்ல, அன்பரே. முல்லையும் தாழையும் ஒன்றல்ல. மணத்தில் எது மேல், எது கீழ்?

நம் விழா நிரலில் அந்தப் பாட்டு எங்கே இருக்கிறது? நன்றியுரைக்குப் பின்! நன்றியுரை முடிந்தால் நாம் செருப்பைத் தேடுவோம், வடையைத் தேடுவோம், வண்டியைத் தேடுவோம்; வெற்று நாற்காலிகள் மடிக்கப்படும். மத்தளக்காரர் மெல்ரோய் புளோறன்ஸிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "கவலைப்படாதேங்கோ அக்கா, கதிரை மடிக்கிறவை நல்ல ரசிகர்மார்." அவர் சிரித்தார். என்னால் சிரிக்க இயலவில்லை.

தலைவர் அவர்களே, என் உரைக்குரிய நேரத்தில் பாதி எஞ்சியிருக்கிறது. அதைப் புளோறன்ஸுக்கு அளிக்க இசைவீர்களா? "ஓம், பாடட்டும்" என்கிறார்! வாழ்க!

"அப்ப லைட்டை நிப்பாட்டச் சொல்லுங்கோ!" என்கிறாரே பின்வரிசைக் குறும்பர். வேண்டாம், ஐயா! எரியட்டும்! எல்லா விளக்கும் எரியட்டும்! கனகேஸ்வரி அம்மா, இருளில் தாளம் போட்ட அந்தக் கையை இந்த ஒளியில் உயர்த்துங்கள்!

நன்றியுரை காத்திருக்கட்டும். என் நன்றியை அந்தத் திரைக்குச் சொல்லி அமர்கிறேன். வாருங்கள், தங்கையே! வணக்கம்.