ஆறுக்குக் கீழே

அப்பா: உள்ள கூப்பிட்டுக் கேட்டா என்ன சொல்லுவ? இன்னொரு தடவ சொல்லு.

மகள்: மூணு தடவ சொல்லியாச்சுப்பா.

அப்பா: நாலாவது தடவ சொன்னா வாய் தேஞ்சிராது. என்னைப் பாத்துச் சொல்லு. சுவத்துக்கிட்டயா பேசப் போற?

மகள்: ரெண்டாவது செமஸ்டர்ல மஞ்சக் காமாலை வந்துச்சு. ரெண்டு மாசம் படுத்த படுக்கை. அதனால மார்க் போயிடுச்சு...

அப்பா: இனிமே நல்லாப் படிப்பேன். அதை விட்டுட்ட.

மகள்: இனிமே நல்லாப் படிப்பேன். போதுமா? எனக்கு வந்தது செமஸ்டர் லீவுல அஞ்சு நாள் காய்ச்சல்பா. காமாலையே இல்ல.

அப்பா: இங்க உக்காந்துக்கிட்டா இதைப் பேசுவ? அந்த டாக்டர் எழுதமாட்டேன்னே நின்னார். ரெண்டு நாள் பட்டறைக்கு லீவு போட்டு, அவர் வாசல்ல கிடந்து வாங்கினேன்.

மகள்: நான் வாங்கச் சொல்லலையே.

அப்பா: நீ எதைத்தான் சொன்ன? பத்துக்கு அஞ்சு புள்ளி நாலுன்னு உன் காலேஜ்லேருந்து கடுதாசி வந்தப்புறம்தானே எங்களுக்கே தெரியும். இந்தப் புதுக் காலேஜ்ல ஆறு இல்லாம வாசப்படி ஏத்தமாட்டாங்க. காரணம்னு ஒண்ணு காட்டணுமில்ல?

மகள்: அந்த ரெண்டு மாசமும் நான் ஒரு நாள்கூட விடாம வகுப்புக்குப் போயிருக்கேன்.

அப்பா: அது இவங்களுக்கு எப்படித் தெரியும்?

மகள்: மார்க் ஷீட்டோட வருகைப் பதிவையும் அந்தக் காலேஜே அனுப்பிடுச்சு. தொண்ணூத்தெட்டு சதவீதம். உள்ள மேசைமேல இருக்கு. படுத்த படுக்கையா இருந்தவ எப்படிம்மா தினமும் வகுப்புக்குப் போனன்னு கேட்டா?

அப்பா: தொண்ணூத்தெட்டா?

மகள்: ஆமா.

அப்பா: அவ்வளவு நாள் உக்காந்துட்டா அஞ்சு புள்ளி நாலு வாங்கின? உக்காந்து என்னம்மா பண்ணின?

மகள்: கவனிச்சேன்.

அப்பா: எதை? போனையா? யாராவது பையனா? இந்தக் காலேஜுக்குத்தான் மாறணும்னு நீ ஒத்தக் கால்ல நின்னப்பவே உங்கம்மா சொன்னா.

மகள்: பையன்னு ஒருத்தன் இருந்திருந்தா நோட்ஸாவது கிடைச்சிருக்கும்.

அப்பா: விளையாடாத.

எழுத்தர்: டோக்கன் பதினேழு நீங்கதானே?

அப்பா: ஆமாங்க மேடம். கூப்பிடுவீங்கன்னுதான் காத்துட்டிருக்கோம்.

எழுத்தர்: நல்லாக் காத்தீங்க. கதவுகிட்ட நின்னு மூணு தடவ கத்தினேன். ரெண்டு பேரும் அசையல. பதினெட்டை உள்ள அனுப்பிட்டேன்.

அப்பா: மன்னிச்சிடுங்க. இவ கவனம் எப்பவும் வேற எங்கயாவது இருக்கும்.

எழுத்தர்: அடுத்தது நீங்கதான். ஃபார்ம்ல பதினோராவது கேள்வி காலியா இருக்கே? ஆறுக்குக் கீழ வந்ததுக்குக் காரணம் எழுதணும், ஆதாரம் வைக்கணும்.

அப்பா: இருக்குங்க. காமாலை. டாக்டர் சர்டிபிகேட் வச்சிருக்கேன்.

எழுத்தர்: அப்போ எழுதிப் பின் பண்ணுங்க. ஒண்ணு சொல்லிடறேன், எல்லார்கிட்டயும் சொல்றதுதான். சர்டிபிகேட் பொய்னு தெரிஞ்சா பழைய காலேஜுக்கும் எழுதிப் போடுவாங்க. அப்புறம் அங்கயும் கிடையாது, இங்கயும் கிடையாது. பேனா இருக்கா?

மகள்: இருக்கு மேடம்.

எழுத்தர்: பத்து நிமிஷம். இந்தத் தடவ கண்ணாவது கதவு மேல இருக்கட்டும்.

அப்பா: எழுது. என்ன யோசிக்கிற?

மகள்: நான் எழுதமாட்டேன்பா.

அப்பா: அப்போ திரும்பிப் போலாமா? அங்கயும் இன்னும் ஒரு செமஸ்டர் இப்படி வந்தா பேரை எடுத்துடுவாங்க. தெரியும்ல?

மகள்: தெரியும். வேற ஒரு காகிதம் இருக்கு. எட்டு மாசமாப் பையிலயே வச்சிருக்கேன்... இந்தாங்க.

அப்பா: என்னது இது? கோடு கோடா இறங்குது.

மகள்: காது டெஸ்ட். இடது காது சுத்தமாக் கேக்கல. வலதுல பாதிதான்.

அப்பா: யாருக்கு?

மகள்: மேல பேர் இருக்கு பாருங்க.

அப்பா: உன் பேருல்ல போட்டிருக்கு!

மகள்: அந்தக் காலேஜ் ஹால்ல முந்நூறு பேர்பா. மைக்ல பேசினா சத்தம் வரும், வார்த்தை வராது. முதல் வரிசையில உக்காந்தேன். சார் போர்டுபக்கம் திரும்பிட்டார்னா அவ்வளவுதான். பக்கத்துல இருந்தவ சிரிச்சா நானும் சிரிப்பேன், எழுதினா எட்டிப் பாத்து எழுதுவேன். வாய்மொழித் தேர்வுல அவங்க கேட்டது ஒண்ணு, நான் சொன்னது ஒண்ணு. அதுல முட்டை.

அப்பா: வீட்டுல நல்லாத்தானே பேசுற.

மகள்: வீட்டுல எங்க உக்காந்தாலும் எல்லாரும் என் வலதுபக்கம் வர்ற மாதிரி மாறிக்குவேன். இங்ககூட உங்களை இந்தப் பக்கம்தானே உக்காரச் சொன்னேன்.

அப்பா: காது மிஷின் வைக்கச் சொல்லலையா டாக்டர்?

மகள்: சொன்னார். எல்லாரும் பாப்பாங்கன்னு வச்சுக்கல. அது என் தப்புதான். இங்க வகுப்புக்கு முப்பத்தஞ்சு பேர். பாடத்தை முன்னாடியே அச்சடிச்சுக் குடுத்துடறாங்க. அதுக்குத்தான் ஒத்தக் கால்ல நின்னேன்.

அப்பா: எங்கிட்ட ஏம்மா சொல்லல?

மகள்: படிச்சது போதும், வீட்டுல இருன்னுடுவீங்கன்னு.

அப்பா: நான் அப்படிச் சொல்ற ஆளா?

மகள்: அக்காவுக்குக் கண்ணாடி பவர் ஏறினப்போ சொன்னீங்க. அவ அதோட நின்னுட்டா. நான் என்ன எழுதட்டும்பா?

அப்பா: உள்ளதை எழுது. அந்தக் காமாலை சர்டிபிகேட்டை இப்படிக் குடு.

மகள்: கிழிக்காதீங்க. நீங்க கெஞ்சி வாங்கினது.

அப்பா: கெஞ்சினது நான்தானே. கிழிக்கவும் எனக்கு உரிமை இருக்கு.

எழுத்தர்: எழுதியாச்சா? வாம்மா. சார், நீங்களும் வாங்க. பெத்தவங்ககிட்டயும் ரெண்டு வார்த்தை கேப்பாங்க.

அப்பா: இல்லைங்க மேடம்... அவளே பேசிடுவா.

மகள்: வாங்கப்பா, தனியாப் போகப் பயமா இருக்கு.

அப்பா: நீ போ. நான் இங்கதான் ஜன்னல்கிட்ட நிப்பேன்.

*

மகள்: அப்பா.

மகள்: அப்பா... இங்க.

அப்பா: வந்துட்டியா? என்ன சொன்னாங்க?

மகள்: மூணு பேர் இருந்தாங்க. ஒவ்வொருத்தரா, என் முகத்தைப் பாத்துக் கேளுங்கன்னு முதல்லயே சொல்லிட்டேன்.

அப்பா: எடுத்துக்கிட்டாங்களா இல்லையா, அதைச் சொல்லு.

மகள்: எடுத்துக்கிட்டாங்க. ஆனா ரெண்டாவது வருஷத்துல இல்ல, மறுபடியும் முதல் வருஷம். ஒரு செமஸ்டர் பாப்பாங்களாம். ஆறு வந்தா இருக்கலாம், வரலைன்னா அனுப்பிடுவாங்க.

அப்பா: வரும்.

மகள்: மிஷினும் வச்சுக்கணும்னாங்க. சரின்னுட்டேன்.

அப்பா: நாளைக்கே போலாம்.

மகள்: அந்த மூணு பேர்ல ஒரு மேடம் உங்ககிட்டப் பேசணும்னு எந்திரிச்சு, கதவைத் திறந்து நாலு தடவ கூப்பிட்டாங்க, சார் சார்னு. நீங்க ஜன்னலைப் பாத்துட்டே நின்னீங்க. அவங்க முன்னாடி எனக்கு அவமானமாப் போச்சு. என்மேல அவ்வளவு கோவமாப்பா?

அப்பா: கோவமெல்லாம் இல்ல.

மகள்: பின்ன ஏன் திரும்பல?

அப்பா: உன் காது டாக்டர்கிட்ட எனக்கும் ஒரு சீட்டு வாங்கும்மா... பட்டறையில பிரஸ் மிஷின் ஓடுதா நின்னுடுச்சான்னே நாலு வருஷமாக் கையை வச்சுத்தான் பாத்துக்கறேன். தெரிஞ்சா வேலையை விட்டு அனுப்பிடுவாங்கன்னு உங்கம்மாகிட்டகூடச் சொல்லல.