போய்த் திரும்பும் ஊர்வலம்

ஊர்வலத்தில் குதிரைகளை எப்போதும் கடைசியில்தான் விட வேண்டும், சார்ஜென்ட். முன்னால் விட்டால், பின்னால் ஆடிக்கொண்டு வரும் பெண்பிள்ளைகளின் வெள்ளைக் காலுறை என்ன கதியாகும் என்று யாரும் யோசிப்பதில்லை. பக்கத்து ஊர் ராத்காஹிலில் இன்னும் முன்னால்தான் விடுகிறார்கள். அது அவர்கள் லட்சணம்.

நீங்கள் சமையலறையைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன். ஊர்வலத்தைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிற இந்தப் பெண் என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்துவிடுவாள். அவள் வெளியூர். நீங்கள் அப்படி இல்லை. எங்கள் ட்ரம்கீலனில் உங்களுக்கு இது எத்தனையோ வருஷம். புனித பேட்ரிக் திருநாள் ஊர்வலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முன்னால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நீங்களும் நடந்திருக்கிறீர்கள்.

பால்பண்ணைக்குப் பூட்டுப் போட்டது நான்தான். கடைசி மேனேஜர். அதற்குப் பிறகு பேங்க் போயிற்று, தபால் ஆபீஸ் போயிற்று. மற்ற நாளில் எங்கள் பெரிய தெருவில் ஒரு நாய் குறுக்கே படுத்தால் சாயங்காலம் வரை அதை எழுப்ப ஆள் வராது. அந்த ஒரு நாள் மட்டும் தெரு நிறையும். பாஸ்டனுக்குப் போனவன், பர்மிங்ஹாமுக்குப் போனவன் எல்லாம் பிள்ளைகுட்டியோடு வந்து மழையில் நிற்பான். அதற்காகத்தான் இத்தனை வருஷமாக ஊர்வலக் குழுத் தலைவர் பதவியை வைத்துக்கொண்டிருந்தேன். யாரும் அதைப் பிடுங்க வரவில்லை என்பதும் உண்மை.

ஊருக்கு இந்த ஊர்வலத்தின் மேல் இரண்டு மனசு. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். போன இலையுதிர் காலத்தில் மாதா கோயில் மண்டபத்தில் போட்ட கூட்டத்துக்கு நீங்கள் வரவில்லை. வந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். முந்தின வருஷம் பெரிய பாதிரியார் திருநாளுக்கு முந்தின நாள் காலமானார், நிறுத்தினோம். அந்த வருஷம் புயல், அதனாலும் நின்றது. அடுத்ததும் நின்றால் இனி நமக்கென்று ஒன்று வேண்டாம், ராத்காஹில் ஊர்வலத்தின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளலாம் என்று பேச்சு.

மதுக்கடை மாலகி முதலில் எழுந்தான். "வருஷத்துல அந்த ஒரு நாள்தான்யா என் கடையில நிக்க எடம் இருக்காது. அதையும் புடுங்கிடாதீங்க."

"உனக்கென்ன, ஊத்திக் குடுத்துட்டு கதவைச் சாத்திடுவ. மறுநாள் என் வாசப்படியைக் கழுவுறது யாரு? நீயா?" என்றாள் நான்சி, எங்கள் பக்கத்து வீட்டுக்காரி.

பள்ளிக்கூட வாத்தியார், "டிராக்டரும் பூச்சிமருந்து வண்டியும் வரிசையா போறதுக்குப் பேரு திருவிழாவா?" என்றார்.

பிறகு என் மனைவி ஃபிடெல்மா எழுந்தாள். "ராத்காஹில்காரங்களோடயே சேந்துடலாம். அவங்ககிட்ட நல்ல பேண்டு வாத்தியம் இருக்கு, கொடி இருக்கு, மேடை இருக்கு. நம்மகிட்ட இருக்கறது இந்தத் தலைவர் மட்டுந்தான்."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் அவளுக்கு இரண்டடி முன்னால் நடந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோல்மன், கோவமா? ஊருக்கெல்லாம் புள்ளைங்க இருக்கு, உனக்கு இந்த ஊர்வலம் இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் குத்திக்காட்டவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் ஒரு தடவைகூட அவள் ஊர்வலத்தை வந்து பார்த்ததில்லை. ஊர்வல நாளில் முன்னறைத் திரையை இழுத்துவிட்டு, பின்கட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு துணிக்கு இஸ்திரி போடுவாள். கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான். அது எனக்கு வலித்தது. சொன்னதில்லை.

கடைசியில், இன்னும் ஒரே ஒரு தடவை என்று முடிவாயிற்று. நடந்தால் தொடரும், நின்றால் அதோடு சரி.

ஒரு வழக்கம் இருக்கிறது, இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஊருக்குள் பிணம் கிடக்கும்போது எங்கள் தெருவில் மேளம் அடிக்கக் கூடாது. பந்தாட்டம்கூட நிற்கும். பெரிய பாதிரியார் போனபோது ஒரு மணி நேரத்தில் எல்லாத் தோரணங்களையும் நானே ஏணி வைத்துக் கழற்றினேன். யாராவது சாகக் கிடந்தாலே வாத்தியக்காரர்கள் கருவியைப் பெட்டியில் வைத்துவிட்டு உத்தரவுக்குக் காத்திருப்பார்கள். நல்ல வழக்கம்தான். நான் குறை சொல்லவில்லை.

திருநாள் காலையில் வெயில் அடித்தது. ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோட்டில் அன்றைக்கு எல்லோரும் குத்திக்கொள்ளும் ஷாம்ராக் இலையைக் குத்திக்கொண்டு, தலைவருக்கான பச்சைப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனேன். ஃபிடெல்மா தரையில் கிடந்தாள். சோடா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்திருக்கிறாள், கையெல்லாம் மாவு. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை அசையவில்லை. என் அப்பா அப்படித்தான் விழுந்தார். அதனால் அது என்னவென்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

அவளுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்தாள். "கூப்புடு" என்றாள். குழறிக்கொண்டுதான் வந்தது. ஆனால் அந்தச் சொல்தான்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். பதற்றப்படவில்லை. ஆம்புலன்ஸ் வர வேண்டுமானால் பெரிய தெரு வழியாகத்தான் வர வேண்டும். அலறிக்கொண்டு வரும். அந்நேரம் டிராக்டர்கள் பாலத்தடியில் வரிசை கட்டியிருக்கும். இப்போதைய பாதிரியார் ஃபாதர் கொன்லன் சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு ஓடி வருவார். தலைவரின் மனைவி சாகக் கிடக்கிறாள் என்று வாய்க்கு வாய் போய்விடும். யாரும் என்னைக் கேட்கக்கூட மாட்டார்கள், மரியாதையோடு மேளங்களை இறக்கி வைத்துவிடுவார்கள். அதோடு முடிந்தது, என்றைக்கும். இவளோ உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருக்கிறவளுக்காக எதற்கு நிறுத்த வேண்டும்? எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

தலைக்கு ஒரு தலையணை வைத்தேன். என் குளிர்கால கோட்டைப் போர்த்தினேன். அடுப்பில் இன்னும் கொஞ்சம் கரி போட்டேன், தரை சில்லென்று இருந்தது. கையிலிருந்த மாவை ஈரத்துணியால் துடைத்தேன். "ஒரு மணி நேரம், கண்ணு. முடிஞ்ச கையோட டாக்டரைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்றேன். டாக்டரும் ஊர்வலத்தில்தானே இருந்தார், பழைய மோட்டார் வண்டியில்.

எழுந்தபோது அவள் இடது கையால் என் பச்சைப் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிடி பலமாக இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வலிக்காமல் எடுத்தேன்.

மேஜை மேலிருந்த அவள் கைபேசியை என் பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் ஊரில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. தட்டாமல்கூட உள்ளே வந்துவிடுவார்கள். அன்று இரண்டு கதவையும் பூட்டினேன்.

நீங்களே பார்த்தீர்கள், அப்படி ஒரு ஊர்வலம் நடந்ததில்லை. தெருவில் கால் வைக்க இடமில்லை. வாசப்படியைக் கழுவ வேண்டுமே என்று அழுத நான்சி எல்லாருக்கும் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஃபிடெல்மா எங்க? ரொட்டி வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன், பின்கதவு பூட்டியிருக்கு. அதிசயமா இருக்கே, ஊர்வலம் பார்க்கக் கெளம்பிட்டாளா?" என்றாள்.

"சளி புடிச்சிருக்கு. படுத்திருக்கா" என்றேன்.

"பாவம். சாயங்காலம் சூப்பு வச்சுக் கொண்டாறேன்" என்றாள். அவள் நல்லவள்.

பையில் கைபேசி அடித்தது. ஃபிடெல்மாவின் தங்கை யூனா, கால்வேயிலிருந்து. திருநாள் வாழ்த்துச் சொல்ல ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுவாள். "அக்கா தூங்கறா யூனா, எழுந்ததும் பேசச் சொல்றேன்" என்றேன். "அவ போன் எப்படி அத்தான் உங்ககிட்ட?" என்று கேட்டாள். பேண்டு சத்தத்தில் காது கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பெரிய தெரு என்று பேர்தான், நீளம் குறைவு. ஊரில் பாதிப் பேர் ஊர்வலத்தில் நடப்பதால் அவர்கள் மற்றவர்களைப் பார்க்க முடியாமல் போகிறது என்று, கோயில் வரைக்கும் போய்த் திரும்பி அதே தெருவில் வருவோம். முன்னால் போகிறவர்கள் பின்னால் வருகிறவர்களுக்கு எதிரே வருவார்கள், ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு. அதனால் ஒவ்வொரு வீட்டையும் இரண்டு தடவை கடப்போம். என் வீட்டையும்.

போகும்போது முன்னறைத் திரை அசைந்தது. பின்கட்டுச் சமையலறையிலிருந்து முன்னறைக்கு ஒரு நடை இருக்கிறது, ஒரு படியும் இருக்கிறது. ஒரு கையையும் ஒரு காலையும் வைத்துக்கொண்டு அவள் எப்படி வந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியின் கீழ் மூலையில் ஒரு கை தெரிந்தது. உள்ளங்கையைக் கண்ணாடியில் அழுத்தி வைத்திருந்தாள்.

மாலகிதான் முதலில் பார்த்தான். "தலைவரே, உங்க வீட்டம்மா கையாட்டறாங்க பாருங்க. நாப்பது வருஷத்துக்கு அப்புறம் ரோசம் தணிஞ்சுது போல" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். பேண்டுக்காரப் பையன்கள் அவளுக்கென்று இன்னும் உரக்க ஊதினார்கள். ஆடுகிற பெண்கள் கையசைத்தார்கள். டாக்டர் மோட்டார் வண்டியின் ஹாரனை அடித்தார். நீங்கள் தொப்பியைக் கழற்றி ஆட்டினீர்கள், சார்ஜென்ட். இதை எழுத வேண்டாம் என்றால் எழுத வேண்டாம். தெரு முழுக்க என் மனைவியைப் பார்த்துக் கையசைத்தது. நானும் அசைத்தேன்.

திரும்பி வரும்போது கை இல்லை. திரை கம்பியிலிருந்து பிய்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. நான் நேராகப் பார்த்து நடந்தேன். தலைவர் அங்கே இங்கே பார்க்கக் கூடாது, பின்னால் வருகிறவர்களுக்கு அடி தப்பிவிடும்.

முடிந்த கையோடு டாக்டரைக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஆனால் பரிசு கொடுக்க வேண்டியிருந்தது. மண்டபத்தில் டீ போட்டிருந்தார்கள். வாத்தியார் மேடையேறி, தான் சொன்னது தப்பு, இந்த ஊர்வலம் இருக்கிற வரைதான் இது ஊர் என்றார். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். மாலகி என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். டாக்டர் எனக்கு எதிரே உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். கையை நீட்டினால் தொட்டிருக்கலாம். எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கினேன். அடுக்குவதற்கு ஆட்கள் இருந்தார்கள், நான்தான் அனுப்பிவிட்டேன். மண்டபத்தையும் பெருக்கினேன்.

வீட்டுக்குப் போனபோது அவள் ஜன்னலுக்குக் கீழே கிடந்தாள், திரைத்துணி மேலே விழுந்திருந்தது. நான் போர்த்திய கோட்டு நடையிலேயே கிடந்தது. அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்சி சூப்போடு வந்து பார்த்தாள். அவள்தானே உங்களுக்குச் சொன்னது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது என்று டாக்டர் சொன்னாராமே. எனக்கும் தெரியும். நான் தொட்டேனே.

அவளை நான் நேசித்தேன். அதையும் எழுதுங்கள். அவள் இல்லாத வீட்டில் ரேடியோவைப் போட எனக்குக் கை வரவில்லை. யாரையாவது கேட்டுப்பாருங்கள், ஒரு நாள் அவளிடம் குரலை உயர்த்திப் பேசியிருக்கிறேனா என்று.

அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். நேற்றிலிருந்து நானும் ஒன்றையே சொல்கிறேன். உதவி கேட்கிறவள் கண்ணாடியைத் தட்டுவாள், விரலை மடக்கித் தட்டுவாள். அவள் விரித்து வைத்திருந்தாள். ஊர்வலம் பார்க்கத்தான் வந்தாள். இத்தனை வருஷத்துப் பிடிவாதத்தை விட்டுவிட்டு, என்னைப் பார்க்க, அவ்வளவு தூரம் ஊர்ந்து வந்தாள். ஊரே அப்படித்தான் நினைத்தது. ஊருக்கு அப்படி நினைக்க உரிமை உண்டு. அவர்கள் யாரும் காலையில் எங்கள் சமையலறையில் இல்லை.

நான் இருந்தேன். அவள் சொன்ன அந்தச் சொல்லைக் கேட்டேன். அந்தக் கை எதைக் கேட்கிறது என்று தெரிந்துதான், சார்ஜென்ட், நான் கையசைத்தேன்.