பலகையில் எல்லாரும் இருந்தார்கள்

— கட்டில் ஆடுதா?

— யாரு ஆட்டுறது? நான் இங்க இஸ்திரி போட்டுட்டிருக்கேன். கட்டில் அது பாட்டுக்கு நிக்குது.

— இல்ல... லேசா. ஒரு பக்கமா சாயுது, அப்புறம் நிமிருது. கண்ணை மூடினா நடுக்கடல்லதான் இருக்கேன்.

— எண்ணெய் ரிக்கை விட்டுக் கரைக்கு வந்து நாப்பது நாளாச்சு. எழுந்திருங்க. பதினோரு மணிக்கு விசாரணை. இப்பவே ஒன்பதரை.

— கொஞ்ச நேரம்... சட்டை ஆகட்டும்.

— ஆயிடுச்சு. காலர்தான் மிச்சம். என்ன, மறுபடியும் கனவா?

— கனவுன்னும் சொல்ல முடியல. ஒரே பனி. கீழ தண்ணியே தெரியல, ரிக் மட்டும் மேகத்து மேல நிக்குது. நான் கிரேன்ல உட்கார்ந்து கொக்கியை இறக்குறேன்... இறக்குறேன்... அது போய்க்கிட்டே இருக்கு.

— அப்புறம்?

— திரும்ப ஏத்தினா, கொக்கியில உங்கண்ணன் உட்கார்ந்து வர்றான். காலை ஆட்டிக்கிட்டு.

— வந்து?

— "மாப்ள, டீ இருக்கா?"ங்கிறான்.

— அவனேதான்! வேற எவன் கேப்பான்?

— சிரிக்கிறியா?

— சிரிக்காம? செத்தும் டீ கேக்குறான் பாருங்க... சரி, ஒத்திகை பாத்துடலாம். நான்தான் விசாரணை அதிகாரி. "சைரன் அடிச்சப்ப எங்கய்யா இருந்த?"

— எந்த அதிகாரி இஸ்திரிப் பெட்டியோட வர்றான்...

— பேச்சை மாத்தாதீங்க.

— கிரேன்ல இருந்தேன். இறங்கித் தப்பிக்கிற படகுக்குப் போனேன்.

— ஓடினீங்களா?

— நடந்தேன். யாருமே ஓடல. வாரத்துக்கு மூணு தடவை கத்தும் அது. வாயு கசியுதான்னு பாக்குற கருவிக்கு, பனி எது வாயு எதுன்னே தெரியாது. பனி இறங்கினாலே போதும், ஊரைக் கூட்டிடும். எத்தனை தடவை எழுதிக் குடுத்தோம்! "அடுத்த மாசம் மாத்திடுறோம்"னாங்க. எந்த வருஷத்து அடுத்த மாசமோ.

— இதை அங்க சொல்லுவீங்களா?

— சொல்லுவேன். இதுல எனக்கென்ன பயம்?

— அப்ப வேற எதுலதான் பயம்?

— சட்டையைக் குடு, போட்டுக்கிறேன்.

— சரி சரி, விடுங்க. படகுகிட்ட என்ன பண்ணீங்க?

— அங்க ஒரு பலகை இருக்கும். ஆளுக்கொரு கார்டு, பேரு போட்டது. வந்தவன் தன் கார்டை எடுத்து "படகு"ன்னு எழுதின பக்கம் மாட்டணும். எல்லாக் கார்டும் வந்துட்டா படகை இறக்கிடுவாங்க.

— வந்துச்சா?

— வந்துச்சு.

— முப்பத்தெட்டுப் பேருமா?

— முப்பத்தெட்டுக் கார்டும்.

— நான் ஆளைக் கேட்டேன்.

— ...கொஞ்சம் தண்ணி குடு.

— இந்தாங்க. மெதுவா... சட்டையில ஊத்திக்காதீங்க.

— படகு இறங்கினப்ப எவ்வளவு அமைதியா இருந்துச்சு தெரியுமா? மேல பனிக்குள்ள ஆரஞ்சு கலர்ல ஒரு வெளிச்சம். என்ன அழகுன்னு பாத்துட்டே இருந்தேன். அழகுன்னு நினைச்சேன் பாரேன்! அது நெருப்புன்னு உறைக்கவே நேரமாச்சு.

— அண்ணி நேத்து வந்தாங்க.

— எப்ப? நான் வீட்லதான இருந்தேன்?

— நீங்க படுத்திருந்தீங்க. எழுப்ப வேணாம்னுட்டாங்க. கம்பெனி ரிப்போர்ட்டைக் கொண்டு வந்து காட்டினாங்க. "கார்டை மாட்டிய பிறகு தானாகவே அறைக்குத் திரும்பிச் சென்றார்"னு அண்ணனைப் பத்திப் போட்டிருக்கு.

— ம்.

— அவங்களுக்கு ஒரே கேள்விதான். எதை எடுக்கத் திரும்பிப் போனாருன்னு. வாட்சா, போட்டோவான்னு ஒண்ணொண்ணா சொல்லிப் பாக்குறாங்க. "என்னை விட, புள்ளையை விட, அங்க அப்படி என்னத்தை வெச்சிருந்தாரு?"ன்னு கேட்டு ஒரே அழுகை.

— போதும்.

— இன்னிக்கோட விசாரணையை முடிச்சிடுவாங்களாம். அவன் தப்புதான்னு கையெழுத்தாயிட்டா அதான் கடைசி. அண்ணி காலம் பூரா அந்தப் பொருளைத் தேடிக்கிட்டே...

— போதும்னு சொன்னேன்ல!

— சரி, பட்டனைப் போடுங்க.

— அவன் எதையும் எடுக்கப் போகல.

— ம்.

— படகுக்கு வரவே இல்ல. படுக்கையை விட்டே எழுந்திருச்சிருக்க மாட்டான்.

— அப்ப கார்டு?

— நான் மாட்டினேன்... பகல்ல சைரன் அடிச்சா, ராத்திரி ஷிஃப்ட் முடிச்சவனை எவனும் எழுப்ப மாட்டோம். பாவம், இப்பதான் படுத்தான்னு, கூட இருக்கிறவன் ரெண்டு கார்டையும் மாட்டிடுவான். எல்லாக் கேபின்லயும் அப்படித்தான். அன்னிக்கும் கை தானாப் போச்சு. என்னோடது, அவனோடது. படகு பாதி இறங்கினப்புறம்தான், அவன் உள்ள தூங்குறான்னு ஞாபகம் வந்துச்சு. கத்தினேன்... கத்தினேனா, கத்தின மாதிரி கனவு கண்டேனா, இப்ப அதுவும் தெரியல.

— யார்கிட்டயும் சொல்லலையா?

— வாயே வரல. ஒரு கார்டு குறைஞ்சிருந்தா தேடிப் போயிருப்பாங்க. நேரம் இருந்துச்சு. நிறைய நேரம் இருந்துச்சு... என்னைத் திட்டு. அந்தப் பெட்டியைத் தூக்கி என் மேல எறி.

— இதை அப்படியே அங்க சொல்லுவீங்களா?

— சொல்றேன். உங்கண்ணிக்காகவாவது சொல்றேன். சொல்லிட்டு... நான் எந்த வீட்டுக்குத் திரும்பி வர்றது?

— இந்த வீட்டுக்குத்தான். கிளம்புங்க, நானும் வர்றேன், எனக்கும் அங்க சொல்ல வேண்டியது இருக்கு. அன்னிக்கு சைரன் அடிச்சப்ப அண்ணன் என்கிட்டதான் போன்ல பேசிட்டிருந்தான். "மறுபடியும் கத்துதும்மா, எழுந்து போகவா?"ன்னு கேட்டான். "பேசாமப் படுத்துத் தூங்குண்ணா, அவர் உன் கார்டையும் மாட்டிடுவாரு"ன்னு நான்தாங்க சொன்னேன்.