ஒரு கன்சோலுக்குள் பூட்டிய காலடி

விழாவுக்குத் தலைமையேற்று, எனக்குப் பத்து நிமிடம் என்று அன்போடு சொல்லிவிட்டு இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட எங்கள் சங்கத் தலைவர் அவர்களே, மேடைக்கு மெருகூட்டும் மூத்தோர்களே, அரங்கை நிறைத்திருக்கும் அன்பு நெஞ்சங்களே, நிரல் எழுதும் கைகளே, நிறம் தீட்டும் விரல்களே, ஒரே சுவரில் ஆயிரம் முறை முட்டிப் பார்த்து அது சுவர்தான் என்று உறுதி செய்யும் பரிசோதனைக்காரர்களே, பெற்ற பிள்ளை கம்ப்யூட்டரில் என்னதான் செய்கிறது என்று இன்றைக்காவது தெரிந்துகொள்ளலாம் என வந்திருக்கும் தாய்மார்களே, தாய்மார்கள் அழைத்ததால் வந்திருக்கும் தந்தைமார்களே, உங்கள் அனைவரின் முன்பும் கைகூப்பி நிற்கிறேன்.

வீடியோ கேம் பணியாளர்களின் இந்தக் குடும்ப விழாவில் எனக்குத் தந்த தலைப்பு, 'எக்ஸ்க்ளூசிவ் கேம்கள்: நேற்றும் இன்றும்'. தலைப்பை அறிவித்ததுமே முன்வரிசைத் தாய்மார்கள் சிலர் கைப்பையைத் திறந்து மொபைலை எடுத்ததைக் கவனித்தேன். உள்ளே வையுங்கள் அம்மா, புரியும்படியாகத்தான் சொல்லப்போகிறேன்.

டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டிக்குப் பெயர் கன்சோல். ஒரு கம்பெனி அதைக் கறுப்பாகச் செய்தது. இன்னொரு கம்பெனி வெள்ளையாகச் செய்தது. இரண்டையும் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியானால் எதற்காகக் கறுப்பை வாங்க வேண்டும்? எதற்காக வெள்ளையை வாங்க வேண்டும்? அங்கேதான் வந்தது எக்ஸ்க்ளூசிவ். இந்தக் கதை எங்களிடம் மட்டுமே, இந்தக் கதாநாயகி எங்கள் வீட்டில் மட்டுமே, எங்கள் பெட்டியை வாங்கினால்தான் கதவு திறக்கும் என்றார்கள். கேமை விற்கப் பெட்டி செய்யவில்லை அம்மா, பெட்டியை விற்கக் கேம் செய்தார்கள்.

பின்வரிசையில் யாரோ 'கறுப்பு' என்று குரல் கொடுக்கிறார். வலப்பக்கத்திலிருந்து 'வெள்ளை' என்று பதில் வருகிறது. பார்த்தீர்களா, முழுதாய் வளர்ந்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்றவர்கள் இவர்கள். எக்ஸ்க்ளூசிவ் செய்த வேலை இதுதான். அண்ணனைத் தம்பியிடமிருந்து பிரித்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பர்களைப் பிரித்தது. என் வீட்டில் புகுந்து கணவனையும் மனைவியையும் பிரிக்கப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன். தலைவர் அவர்கள் கடிகாரத்தை மறந்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்ததற்கு நன்றி.

என் கணவர் கறுப்புக் கன்சோலுக்குக் கேம் செய்யும் ஸ்டூடியோவில் ஒலி அமைப்பாளர். கதவு கிறீச்சிடுவது, மழை பெய்வது, பூட்டில் சாவி திரும்புவது எல்லாம் அவர் கைவேலை. நான் வெள்ளைக் கன்சோலுக்கு நிரல் எழுதுகிறவள். அலுவலகத்தில் சொன்னதை வெளியில் சொல்லமாட்டேன் என்று அவரும் கையெழுத்துப் போட்டவர், நானும் கையெழுத்துப் போட்டவள். வீட்டில் இரண்டு அறை, இரண்டு கதவு, ஆளுக்கொரு ஹெட்போன். நான் காபியோடு உள்ளே போனால் அவர் திரையை அணைப்பார். அவர் உள்ளே வந்தால் நான் மடிக்கணினியை மூடுவேன். ரெண்டு பேரும் ஒரே வேலைதானே பார்க்கிறீங்க, எதற்கு இந்தக் கண்ணாமூச்சி விளையாட்டு என்று என் மாமியார் கேட்பார். அதோ இரண்டாவது வரிசையில் இருக்கிறார், என் அத்தை. நல்ல கேள்வி அத்தை, அன்றைக்கு நாங்கள் ஆளுக்கொரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்.

ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, பதினொரு வருடம். முதலில் வேலையைப் பற்றிப் பேசாமல் இருந்தோம். பிறகு வேலையில் பட்ட கவலையைப் பேசாமல் இருந்தோம். கவலையைப் பேசாதவர்கள் சந்தோஷத்தை மட்டும் எப்படிப் பேசுவார்கள்? கடைசியில் கேஸ் தீர்ந்துவிட்டது, பால் வாங்க வேண்டும் என்பதோடு எங்கள் பேச்சு நின்றுவிட்டது. சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது நாலு வார்த்தை பேசியிருப்போம்.

அந்த வருடங்களில் அவருடைய ஸ்டூடியோ ஒரு கேமை வெளியிட்டது. கறுப்புக்கு மட்டுமே. நூறு மாடிக் கட்டடம் ஒன்று. லிஃப்ட் கிடையாது. ஒரு தபால்காரி ஒவ்வொரு மாடியாக ஏறிக் கடிதம் கொடுக்கிறாள். அவ்வளவுதான் கதை. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. கதவுக்குப் பின்னால் தனியாக இருப்பவர்கள் அவள் காலடிச் சத்தத்தைக் கேட்டு எழுந்து வருவார்கள். உலகம் அதைக் கொண்டாடியது. நான்? என் கணவர் வேலை செய்த கேமை நான் விளையாடவில்லை. வெள்ளைக்கு வேலை செய்கிற எங்கள் ஆட்கள் கறுப்பைத் தொடமாட்டார்கள். அப்படி ஒரு விதி எழுதப்படவில்லை, ஆனால் எழுதிய விதிகளைவிட அதற்குத்தான் பயந்தோம். இணையத்தில் துண்டு துண்டாக வந்ததை அலுவலகத்தில் உட்கார்ந்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஒலி அமைப்பாளர் மனைவி, ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். சிரியுங்கள், இன்று நானும் சிரிக்கிறேன்.

அவர் நான் கேட்பேன் என்று காத்திருந்தார். நான் அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். இரண்டு பேருக்கும் வீம்பில் குறைச்சல் இல்லை.

பிறகு காலம் மாறியது. ஒரு கேம் செய்ய ஆகும் செலவு மலைபோல் ஏறியது. ஒரு பெட்டி வைத்திருப்பவர்களை மட்டும் நம்பி இனிக் கடை நடத்த முடியாது என்று பெரிய கம்பெனிகளுக்குப் புரிந்தது. நேற்று வரை பூட்டி வைத்த கேம்களை ஒவ்வொன்றாகப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். கறுப்பில் இருந்தது வெள்ளைக்கு வந்தது, வெள்ளையில் இருந்தது கறுப்புக்குப் போனது. ஊரே மகிழ்ந்தது. என் கணவர் மட்டும் மகிழவில்லை. இத்தனை வருடம் இது தனி, இது தனி என்று சொல்லி வேலை வாங்கிவிட்டு, இப்போது எல்லாரிடமும் கிடைக்கும் சரக்காக்கிவிட்டார்களே என்று மனம் உடைந்துபோனார். கேம் வேலையே வேண்டாம் என்று, வேறொரு ஊரில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை தேடிக்கொண்டார். முதலில் நான் மட்டும் போகிறேன், நீ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த 'அப்புறம்' எப்போது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கேட்டிருந்தால் ஒருவேளை அழுதிருப்பேன்.

அந்த வாரத்தில்தான் என் மேசைக்கு அந்தத் தபால்காரி வந்து சேர்ந்தாள். வெள்ளைக் கன்சோலில் அவளை நடக்க வைக்கும் பொறுப்பு எனக்கு. நான் அதில் கெட்டிக்காரி. பிழை எங்கே ஒளிந்திருந்தாலும் காதைப் பிடித்து இழுத்து வந்துவிடுவேன். முதன்முறையாகச் சத்தத்தை வைத்து விளையாடினேன். மூன்றாவது மாடியிலேயே பிடித்துவிட்டேன் ஒரு பிழையை. தபால்காரியின் காலடி சீராக இல்லை. வலது அடி சரியாக விழுகிறது, இடது அடி ஒரு இமைப்பொழுது பிந்தி, கொஞ்சம் இழுபட்டு விழுகிறது. எத்தனை பெரிய ஸ்டூடியோ, இதைக்கூடக் கவனிக்கவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வேறு. வலது அடியின் ஒலியையே எடுத்து இடதுக்கும் போட்டேன். டக், டக், டக், டக். அணிவகுப்பு மாதிரி அழகாக வந்தது. பிழை எண் நானூற்றுப் பன்னிரண்டு, காலடி சீரில்லை, திருத்தப்பட்டது என்று எழுதி மூடிவிட்டேன்.

ஒலியில் எதை மாற்றினாலும் அதை முதலில் உருவாக்கியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். என் குறிப்பு என் கணவரின் மேசைக்குத்தான் போனது. அன்று மாலை அதை அச்செடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். ஊருக்குப் புறப்படத் துணிப்பெட்டி கட்டிக்கொண்டிருந்த மனிதர். இதை எழுதியது நீயா என்று கேட்டார். ஆமாம், கால் சத்தம் தப்பாக இருந்தது, சரி செய்துவிட்டேன் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் கோபப்படவில்லை. தாளை அடுப்பு மேடைமேல் வைத்தார். "அது தப்பு இல்ல," என்றார். "அது நீ நடக்கிறது."

எனக்குப் புரியவில்லை. உங்களுக்கும் இப்போது சொல்ல வேண்டும். ஒன்பது வயதில் எனக்கு இடது கால் முறிந்தது. எலும்பு கூடியது, நடை கூடவில்லை. பள்ளியில் என் நடையை நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து சத்தமே வராத மெத்தைச் செருப்புத்தான் போடுவேன். கூட்டத்தில் கடைசியாக எழுவேன். என் காலடியை நான் கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன் ஐயா. அவ்வளவு நன்றாகப் பழகியதால்தான், அது என் காதில் விழுந்தபோது அதைப் பிழை என்று எழுதினேன்.

அவர் என்னைச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்திலிருந்து சமையலறை வரை நடக்கச் சொன்னார். நடந்தேன். பிறகு ஹெட்போனை என் காதில் மாட்டித் தபால்காரியை நடக்கவிட்டார். அதே நடை. அதே பிந்தல். அதே இழுப்பு. ஸ்டூடியோவில் எத்தனையோ பேரை நடக்க வைத்துப் பதிவு செய்தார்களாம், எல்லாம் யாரோ நடப்பதுபோலவே இருந்ததாம். வாசலில் செருப்பை விட்டு நான் வெறுங்காலோடு ஏறும் எங்கள் மாடிப்படி ஓரத்தில் மூன்று வாரம் மைக்கை ஒளித்து வைத்திருக்கிறார். என்னைக் கேட்காமல் பதிவு செய்தது குற்றம்தான், அதற்கான தண்டனையாக இன்றுவரை பாத்திரம் அவர்தான் கழுவுகிறார்.

ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். "கதவுக்குப் பின்னாடி தனியா இருக்கிறவனுக்கு, இனி பயமில்லன்னு தோணணும். அப்படி எனக்குத் தெரிஞ்சது ஒரே சத்தம்தான். நீ படியேறி வர்றது."

அன்பு நெஞ்சங்களே, பதினொரு வருடம் நான் மூடிய கதவுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தேன், உள்ளே ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். உலகத்தில் எத்தனையோ லட்சம் பேர் என் காலில் நடந்து நூறு மாடி ஏறியிருக்கிறார்கள். தெரியாதவள் நான் ஒருத்தி. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவரும் அழுதார்.

மறுநாள் காலை அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெற ஓடினேன். முடியாது, வெளியீட்டுக்கு எல்லாவற்றையும் பூட்டியாகிவிட்டது என்றார் வெளியீட்டு மேலாளர். படிவத்தில் காரணம் எழுது, பார்க்கலாம் என்றார். பிழையா, சட்டச் சிக்கலா, செலவுக் குறைப்பா என்று மூன்று கட்டம் இருந்தது. மூன்றையும் விட்டுவிட்டு அடியில் எழுதினேன்: 'இது பிழை அல்ல. இப்படி நடக்கிற ஒருத்தி இருக்கிறாள்.' அவர் படித்தார். மேசைக்கு முன்னால் நின்ற என்னைப் பார்த்தார். பூட்டைத் திறந்துவிட்டார்.

என் கணவர் கட்டிய துணிப்பெட்டியைப் பிரித்துவிட்டார். இரண்டு அறைக் கதவும் இப்போது திறந்தே கிடக்கிறது. அத்தையிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. தன் மகன் அலுவலகத்தில் குடும்பத்தாருக்கு அந்தக் கேமைக் காட்டிய அன்றே, நான் போகாமல் தவிர்த்த அன்றே, கண்டுபிடித்துவிட்டாராம். ஏன் அத்தை சொல்லவில்லை என்று கேட்டால், "உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன், உன் கால்தானே" என்கிறார்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். தலைவர் நிம்மதியாக மூச்சு விடுகிறார். எக்ஸ்க்ளூசிவ் நல்லதா, கெட்டதா? பூட்டி வைத்தது தவறு என்றால், பூட்டுக்குள்தானே அந்தப் பொறுமை விளைந்தது? ஒரு காலடிச் சத்தத்துக்காக மூன்று வாரம் படியோரம் காத்திருக்க யார் விட்டார்கள்? தன் பெட்டிக்குத் தனிப்பெருமை வேண்டும் என்று நினைத்த கம்பெனிதான் விட்டது. சரி, பூட்டியது சரி என்றால், அந்தச் சத்தத்துக்கு உரியவளே அதைக் கேட்க முடியாமல் போனதே, அது சரியா?

ஆகவே திறக்கட்டும் கதவுகள். கறுப்புக்குக் கட்டிய கதை வெள்ளைக்கும் வரட்டும், வெள்ளைக்கு வரைந்த வானம் கறுப்பிலும் விரியட்டும். ஆனால் என் தொழில் தோழர்களே, ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எல்லாருக்கும் கொடுக்கும் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றுபோல் ஆக்கிவிடாதீர்கள். எல்லாப் பெட்டிக்கும் பொருந்த வேண்டும் என்று இழைத்து இழைத்து, ஒரு வேலைக்கே உரிய நடையை இழைத்து எறிந்துவிடாதீர்கள். நான் எறிந்தேன். ஒரு நிமிடத்தில், பெருமையோடு, என்னையே எறிந்தேன். எக்ஸ்க்ளூசிவ் என்பது இனிப் பெட்டியில் இருக்க வேண்டாம். செய்தவர் கையில் இருக்கட்டும், செய்ததன் குணத்தில் இருக்கட்டும், கேட்டவுடன் இது இன்னார் என்று தெரிகிற அந்த ஒரு சின்னப் பிந்தலில் இருக்கட்டும்.

பேச வாய்ப்பளித்த சங்கத்துக்கு நன்றி. பொறுமை காத்த தலைவருக்கு நன்றி. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, மற்ற இடத்தில் அமைதி காத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. இந்த மேடைக்கு மரப்படி, இன்றைக்கு நான் போட்டிருப்பது தோல் செருப்பு. இருபத்தொன்பது வருடத்துக்குப் பிறகு சத்தம் வருகிற செருப்பு. நான் இறங்கி, ஐந்தாவது வரிசையில் என் கணவர் பக்கத்து நாற்காலிக்குப் போய்ச் சேரும் வரை யாரும் கைதட்ட வேண்டாம். தயவுசெய்து அந்த மைக்கை மட்டும் அணைக்காமல் படிப் பக்கம் திருப்பி வையுங்கள். வணக்கம்.