படிக்கட்டுக் கூட்டம்

ஊசி எங்கம்மா ஓடிடப் போகுது? கொஞ்சம் உக்காரு. புதுசா வந்த சிஸ்டரா? அதானே பாத்தேன். இந்த ஹால்ல எல்லா மூஞ்சியும் எனக்கு அத்துப்படி. பஸ்ல கண்டக்டரா இருந்தவ நான், ஒரு தடவை பாத்தா மறக்க மாட்டேன்.

எனக்கா? பெருங்குடல்ல கட்டி. அட, நானே சிரிச்சுக்கிட்டு இருக்கேன், நீ எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போடுற? மொதல்ல குழாய் விட்டு ஓரத்துல துளி சதையக் கிள்ளி எடுத்தாங்க. பாத்துட்டு டாக்டருக்கு வாயெல்லாம் பல்லு. உடம்போட எதிர்ப்பு அணுவெல்லாம் கட்டிய எதிர்த்துத் திரண்டு நிக்குதும்மா, அதைத் தட்டி எழுப்புற மருந்து போட்டாப் போதும்னாரு. எங்க வீட்டுக்காரரு அங்கயே அழுதுட்டாரு. சந்தோஷத்துலதான்.

மருந்து ஏறிச்சு. நல்லாப் பசிச்சுது. அப்புறம் படம் எடுத்துப் பாத்தா, கட்டி ஒரு பக்கம் கரைஞ்சிருக்கு, இன்னொரு பக்கம் வளந்திருக்கு. இதென்ன கூத்துன்னு மறுபடியும் சதை எடுத்தாங்க. இந்தத் தடவை ஓரம், நடு, அடின்னு தனித்தனியா. சாயம் போட்டுத் திரையில காட்டினாரு டாக்டர். ஓரத்துல புள்ளி புள்ளியா அணு, அள்ளலாம் போல இருந்துச்சு. நடுவுல ஒண்ணுகூட இல்லம்மா. துடைச்சு விட்ட மாதிரி.

ஒரே கட்டிதான், ஆனா இடத்துக்கு இடம் உடம்பு வேற மாதிரி நடந்துக்குதுன்னு, பெரிய பெரிய வார்த்தையாப் போட்டுத் திணறுறாரு பாவம். விடுங்க டாக்டர், இது எனக்குத் தெரிஞ்ச கதைன்னேன். படிக்கட்டுல அத்தனை பேரும் தொங்குவான், உள்ள பாத்தா காலியாக் கிடக்கும். உள்ள போங்க, உள்ள போங்கன்னு தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தன் நகர மாட்டான். அவரு சிரிச்சுட்டாரு. அப்புறம் கண்ணாடியக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தாரு.

பாவிங்க, உள்ள போயிருக்கக் கூடாதா? என் உடம்புதானே, நான் சொன்னாக் கேட்டா என்ன? வயித்துல கைய வச்சுக்கிட்டு எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன் தெரியுமா?

மருந்துத் தட்டுல தேடாதம்மா, அங்க என் மருந்து இருக்காது. நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. ஈரலுக்கும் போயிடுச்சு, இனிமே இதைப் போட்டுப் பிரயோஜனம் இல்லைன்னுட்டாங்க. உனக்கு முன்னாடி இருந்த சிஸ்டருக்குத் தெரியும். மூலை நாற்காலி காலியா இருந்தா உக்காந்துட்டுப் போங்கக்கான்னு விட்டுடும்.

வீட்டுக்காரருக்குத் தெரியாது. திரையில காட்டின அன்னைக்கு அவருக்கு டூட்டி, நான் தனியா வந்தேன். திரும்பிப் போனா வாசல்லயே நிக்கிறாரு, எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு கேக்குறாரு. கரைஞ்சுதான்னு கேக்கல பாரு, எவ்வளவுன்னு. நிறையன்னு சொல்லிட்டேன். என் பஸ்ஸுக்கு டிரைவரே அவருதாம்மா. நான் விசில் குடுக்காம ஒரு நாளும் வண்டிய எடுத்ததில்ல. நான் சொன்னா அப்படியே நம்புற மனுஷன். இப்பவும் முறை தவறாமக் கொண்டாந்து விட்டுட்டுக் கீழ பெஞ்சுல காத்துக்கிட்டு இருக்காரு.

சாவுக்குப் பயப்படலைன்னு பொய் சொல்ல மாட்டேன். பயம்தான். ஆனா அவரு மூஞ்சி மாறுறதைப் பாக்கணுமேன்னு நினைச்சாத்தான் எனக்கு ஈரக்குலையே நடுங்குது.

மருந்து ஏறி முடியிற நேரம் வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போயிடறேன். யாருக்காவது நாற்காலி வேணும்னா சொல்லு, எழுந்துக்கறேன். போறப்போ மட்டும் ஊசி போட்ட மாதிரி ஒரு பஞ்சு வச்சு, பிளாஸ்திரி ஒட்டி விடும்மா. பஸ் ஸ்டாப் வரைக்கும் அந்த இடத்தைத் தடவிக் குடுத்துக்கிட்டே வருவாரு.

இடது கையில ஒட்டு. அவரு அந்தப் பக்கம்தான் நடப்பாரு.